சின்ன மலையூருக்குப் போக, அங்கேயே தங்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலை மேல் குடியிருக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் போதும், பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்விகளில்தான் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். சில நூறு பேர் மட்டும் வாழும், எதற்கெடுத்தாலும் மலை இறங்கியாக வேண்டிய ஊர்களைப் பற்றியது இது. ஹோட்டல்கள் வரிசைகட்டி நிற்கும் சுற்றுலாத் தலங்களுக்குப் பாதிதான் பொருந்தும்.

சின்ன மலையூர்னா என்ன, மேல இருக்கிற கிராமம், அவ்வளவுதானே?

சமவெளிக் கிராமத்தில் கடை பூட்டியிருந்தால் பக்கத்து ஊருக்கு சைக்கிளை மிதிக்கலாம். மலையூரில் பக்கத்து ஊர் எதிர்ச்சரிவிலேயே இருக்கும். விளக்கு எரிவது தெரியும், அமைதியான ராத்திரியில் நாய் குரைப்பதுகூடக் கேட்கும். ஆனால் பள்ளத்தாக்கில் இறங்கி மறுபடி ஏறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அதனால் இங்கே எல்லாமே ஒன்றே ஒன்று. ஒரு சாலை, ஒரு மின்கம்பி, ஒரு கடை, ஒரு செவிலியர், ஒரு டவர். அந்த ஒன்று நின்றுபோனால் மாற்று கிடையாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்த ‘ஒன்றே ஒன்று’ கணக்கில்தான் வந்து முடியும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மீதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

மேப்ல 40 கிலோமீட்டர்தான் காட்டுது. ஒரு மணி நேரத்துல வந்துடலாமா?

முடியாது. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் கிடைத்தாலே நல்லது. முன்னால் போகும் லாரி ஒரு வளைவில் முன்னும் பின்னும் நகர்ந்து திரும்புவதற்குள் நாலு நிமிடம் ஓடிவிடும். பின்னால் காத்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. மலையூர்க்காரரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதில் மணிக்கணக்கில்தான் வரும். அதையும் ‘மழை இல்லேன்னா’ என்று சேர்த்துத்தான் சொல்வார்.

இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் வந்துவிடுகிற மாதிரி கிளம்புங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வளைவுல வாந்தி வரும், காதும் அடைக்கும். என்ன பண்ணலாம்?

கண் ஒன்று சொல்ல, உள்காது வேறொன்று சொல்ல, மூளை குழம்புவதால் வரும் குமட்டல் அது. முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். போனைப் பையில் போடுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏற வேண்டாம், வெறும் வயிற்றோடும் வேண்டாம். மாத்திரை போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டுப் பெரிய பயனில்லை.

காது அடைப்பு காற்றழுத்தம் மாறுவதால் வருவது. எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தை என்றால் இறங்கும்போது பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள். சளி பிடித்திருக்கும்போது வலி கூடுதலாக இருக்கும்.

எனக்கு இருபது வருஷமா வண்டி ஓட்டிப் பழக்கம். மலைக்குன்னு தனியா ஏதாவது இருக்கா?

ஏறுவது எளிது. இறங்குவதில்தான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறும். சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். ஒரு கட்டத்தில் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். எரிபொருளை மிச்சப்படுத்துகிறேன் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருபவரோடு நான் வண்டியில் ஏறுவதில்லை.

பிரேக் சூடானதை மூக்கு முதலில் சொல்லும். ஏதோ கருகுகிற மாதிரி ஒரு நெடி ஜன்னல் வழியாக வரும். வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான இரும்பு விரிசல் விடும்.

குறுகிய பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிடுவதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம் என்பதே காரணம். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோ பீமில் வாருங்கள். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 10 சதவீதம் இழுவையை இழக்கும். வண்டி திணறினால் பழுது என்று பயந்துவிடாதீர்கள்.

எவ்வளவு குளிரும்? ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா?

1,000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 32 டிகிரி என்றால் அங்கிருந்து 2,000 மீட்டர் மேலே 19 டிகிரி. காற்றும் ஈரமும் சேர்ந்தால் உடம்புக்கு அதைவிடக் குறைவாகத் தெரியும். போனில் பார்க்கும் வானிலை பெரும்பாலும் கீழே உள்ள பெரிய ஊருடையது, அதில் இந்தக் கழித்தலை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும். தடிமனான ஒன்றைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

குளிர்கிறதே என்று வெயிலை அலட்சியம் செய்யாதீர்கள். புற ஊதாக் கதிர் 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். மூக்கு நுனி தோலுரிந்து ஊர் திரும்புபவர்கள் எல்லோரும் ‘வெயிலே தெரியலையே’ என்றவர்கள்தான்.

மேல ஆக்ஸிஜன் கம்மியாமே, மூச்சு முட்டாதா?

காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். 2,000 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்கு. படியேறினால் இளைக்கும், இரண்டொரு நாளில் பழகிவிடும். பெரு நாட்டில் லா ரிங்கொனாடா என்ற சுரங்க ஊர் சுமார் 5,100 மீட்டரில் இருக்கிறது. அங்கேயும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் அவர்களைப் பார்த்து நாம் கணக்குப் போடக்கூடாது.

2,500 மீட்டருக்கு மேல் உயரநோய் வரலாம். ஏறிய சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், அசதி, தூக்கமின்மை தொடங்கும். இளமையும் உடற்பயிற்சியும் இதற்குக் காப்பு இல்லை. வேகமாக ஏறுவதுதான் காரணம். 3,000 மீட்டரைத் தாண்டினால் படுக்கும் இடத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்த வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

அடுப்புல வச்சது வேகவே மாட்டேங்குது. கேஸ்ல ஏதாவது பிரச்சினையா?

கேஸில் ஒன்றுமில்லை. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும்: 2,000 மீட்டரில் 93 டிகிரியில், 3,000 மீட்டரில் 90 டிகிரியில். கொதித்தபின் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. ப்ரெஷர் குக்கர் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொண்டுவந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருப்பதும் இதே காரணத்தால்தான், கெட்டுப்போகவில்லை.

ஊற்றுத் தண்ணி மினரல் வாட்டரைவிட சுத்தமாச்சே, அப்படியே குடிக்கலாம்ல?

தெளிவாக இருப்பது வேறு, சுத்தமாக இருப்பது வேறு. ஊற்றுக்கு மேலே யார் வீடு, எந்த மாட்டுக் கொட்டகை, எந்தக் கழிவறைக் குழி இருக்கிறது என்பது குடிக்கும் இடத்திலிருந்து தெரியாது. உள்ளூர்க்காரர்கள் குடிக்கிறார்களே என்றால், அவர்கள் எந்த ஊற்றில் எந்த மாதத்தில் குடிக்கலாம் என்று தெரிந்து குடிக்கிறார்கள். கொதிக்கவைத்துக் குடியுங்கள். முந்தைய பதிலில் சொன்னபடி மேலே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், 2,000 மீட்டருக்கு மேல் ஒரு நிமிடம் போதாது. தளதளவென்று மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும்.

சிக்னல் கிடைக்குமா? வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்னு ஒரு யோசனை.

டவருக்கும் உங்களுக்கும் நடுவே மலை நின்றால் எந்தக் கம்பெனி சிம்மும் உதவாது. திண்ணையில் முழுக் கோடு காட்டும், பத்தடி தள்ளிச் சமையலறையில் ஒன்றுமே இருக்காது. தங்கப் போகும் வீட்டிலேயே நின்று, நீங்கள் வேலை செய்யும் அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். அழைப்பு போகாத இடத்திலும் குறுஞ்செய்தி சில சமயம் போகும். செயற்கைக்கோள் இணையம் என்றால் திறந்த வானம் தேவை, உயர்ந்த மரங்களும் செங்குத்துச் சரிவும் மறைக்கும்.

மின்சாரத்துக்கு முதல் பதிலைப் பாருங்கள். எங்கோ காட்டுக்குள் ஒரு மரம் கம்பியில் சாய்ந்தால் ஊரே இருட்டு, டவரின் பேட்டரி தீர்ந்ததும் சிக்னலும் போகும். இன்வெர்ட்டர் வையுங்கள். மேலதிகாரியிடம் முன்பே சொல்லியும் வையுங்கள், அது இன்வெர்ட்டரைவிட முக்கியம்.

சும்மா காட்டுப் பக்கம் நடந்துட்டு வரலாமா, ஆள் கூட்டிட்டுத்தான் போகணுமா?

ஊரைச் சுற்றித் தனியாக நடக்கலாம். அதற்கு மேல் என்றால் எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் காணாமல்போனால் தேடி வரப்போவது வேலையை விட்டுவிட்டு வரும் ஊர்க்காரர்கள்தான்.

காலையில் போய் மதியத்துக்குள் திரும்புங்கள். வெயில் ஏறியதும் சரிவுகளில் சூடான காற்று மேலெழும்பி மேகம் கட்டும், அதனால் இடியும் மழையும் பிற்பகலில்தான் அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். முகட்டில் நிற்காதீர்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் பள்ளத்தாக்கு நாம் நினைப்பதற்கு வெகு முன்பே இருண்டுவிடும்.

ராத்திரி குளிர் தாங்கலை. ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சுக்கலாமா?

கூடவே கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். முதல் அறிகுறிகளாக வருபவை தலைவலி, குமட்டல், அசதி. மேலே உயரநோய்க்குச் சொன்ன அதே பட்டியல். அதனால் ‘மலை ஒத்துக்கலை போல’ என்று போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்துவிடுகிறார்கள். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்றாகத் தலைவலித்தால், வெளியே போனதும் தேவலாம் போலிருந்தால், உயரத்தைக் குறை சொல்லாதீர்கள், அடுப்பைப் பாருங்கள். புகைபோக்கி உள்ள அடுப்பானாலும் ஒரு எச்சரிக்கைக் கருவி மாட்டிக்கொள்வது நல்லது.

போட்டோ எடுத்தா ஊர்க்காரங்க கோபப்படுவாங்களா?

மலையை எடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். துணி காயும் கொடியும் வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் மலையில் சேர்த்தி இல்லை. ஆஸ்திரியாவில் ஹால்ஷ்டாட் என்று மலையும் ஏரியும் சேர்ந்த ஊர், குடியிருப்போர் சுமார் 750 பேர். சுற்றுலாப் பருவத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிய, 2023இல் செல்ஃபி எடுக்கும் இடத்தை மறைத்து மரவேலி போட்டார்கள். சமூக ஊடகங்களில் கண்டனம் எழுந்ததும் அதை எடுத்தும்விட்டார்கள். வேலி வந்ததையும் போனதையும் செய்தியாகப் படித்துச் சிரித்தவர்கள், 750 பேருக்காகக் கட்டிய குழாயிலும் கழிவறையிலும் அத்தனை பேர் வரிசையில் நிற்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம்.

குப்பை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள். குப்பைத் தொட்டி தெரிந்தாலும் அதைக் கீழே எடுத்துப்போகும் வண்டி எப்போது வரும் என்பது வேறு கதை.

வீடு வாங்கலாம்னு இருக்கோம். வியூ பிரமாதம். வேற என்ன பார்க்கணும்?

வியூவை ஒரு மாதத்தில் மறந்துவிடுவீர்கள். வெயிலைப் பாருங்கள். பனிக்காலத்தில் அந்த வாசலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எத்தனை மணிக்குப் போகிறது? மலை மறைத்து மாதக்கணக்கில் வெயிலே படாத ஊர்களும் உண்டு. இத்தாலியின் விகனெல்லாவில் 2006இல் எதிர்மலையில் பெரிய கண்ணாடி ஒன்றை நிறுத்தி ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். நார்வேயின் ரியூக்கானில் 2013இல் மூன்று கண்ணாடிகள் வைத்தார்கள். வெயில் இல்லாத வீட்டில் துணி காயாது, சுவர் ஓதம் காயாது, அலமாரியில் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே தெற்குப் பார்த்த சரிவும், அதற்குத் தெற்கே வடக்குப் பார்த்த சரிவும் நல்லவை. காற்றில்லாத தெளிந்த ராத்திரிகளில் குளிர்காற்று கனத்து வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அங்கே இருப்பதைவிடச் சரிவில் கொஞ்சம் மேலே இருக்கும் வீடு சூடாக இருக்கும்.

அடுத்தது மண். சுற்றிலும் மரங்களின் அடிப்பகுதி வளைந்து, மேற்பகுதி நிமிர்ந்து நிற்கிறதா? அந்தச் சரிவு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கலாம். தரையில் பிளவு, சாய்ந்த கம்பம், திடீரென்று மூடாமல் சிக்கும் கதவு, கலங்கி வரும் ஊற்று எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. காய்ந்த ஓடை சரிவிலிருந்து இறங்கி விரியும் இடத்தில் தட்டையான நல்ல மனை இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். அந்தத் தட்டை நிலம் பழைய வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணும்தான். ஓடை ஒருநாள் தன் வழியைத் தேடி வரும். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘இங்கே வீடு கட்டலாமா’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்குக் கட்டலாம் என்பார். ‘இத்தனை நாளா யாரும் ஏன் கட்டலை’ என்று கேளுங்கள்.

வாங்குவதற்கு முன் மிக மோசமான பருவத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வசந்தத்தில் வந்து பார்த்து வாங்கியவர்கள்தான் மூன்றாம் வருஷம் விற்பவர்கள்.

மழையில ரோடு அடைஞ்சுட்டா என்ன செய்வீங்க?

காத்திருப்போம். ஒருநாளும் ஆகலாம், ஒருவாரமும் ஆகலாம். இரண்டு வாரத்துக்கான மளிகை, ஒரு மாத மருந்து, டார்ச், மெழுகுவர்த்தி, சேர்த்து வைத்த தண்ணீர் எந்நேரமும் இருக்கும். வண்டியில் பாதி டேங்குக்குக் குறையவிடுவதில்லை. பயணியாக வருபவர்கள் திரும்பும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். மழை கொட்டும்போது ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தால் அப்பாடா என்று நினைக்காதீர்கள். மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கலாம், அது உடைந்து வருவதற்குள் ஓடைக்கரையை விட்டு உயரத்துக்குப் போய்விடுங்கள்.

நெஞ்சு வலி மாதிரி ஏதாவது திடீர்னு வந்தா?

இதற்கு இனிப்பான பதில் இல்லை. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் நிமிடங்கள்தான் கணக்கு, இங்கே ஆஸ்பத்திரி மணிக்கணக்கில் இருக்கிறது. ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரிடம் உயரத்தையும் பயண நேரத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேட்ட பிறகே குடிவருவது பற்றி யோசிக்க வேண்டும்.

மலையூர்களில் வண்டியை ராத்திரி நிறுத்தும்போது ரிவர்ஸில் உள்ளே விட்டு, முகம் சாலையைப் பார்க்க நிறுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான். யாரிடம் வண்டி இருக்கிறது, யார் ராத்திரியில் ஓட்டுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் 112 என்ற அவசர உதவி எண் அங்கே எட்டுகிற வேறு எந்த நெட்வொர்க் வழியாகவும் போகப் பார்க்கும். எதுவுமே எட்டாத இடத்தில் அதுவும் போகாது. முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொண்டு குடிவாருங்கள்.

சில ஊர்ல குடிவந்தா பணமே தர்றாங்களாமே?

உண்மை, ஆனால் செய்தித் தலைப்பில் வராத நிபந்தனைகளோடு. சுவிட்சர்லாந்தின் ஆல்பினென், 240 பேர் வாழ்ந்த மலையூர், 2017இல் வயதுவந்த ஒருவருக்கு 25,000 பிராங்க் தருவதென்று வாக்கெடுப்பில் முடிவு செய்தது. வருபவர் 45 வயதுக்குள் இருக்க வேண்டும், அங்கே வீடு வாங்கவோ கட்டவோ வேண்டும், 10 ஆண்டு இருக்க வேண்டும், முன்பே போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். செய்தி பரவி உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலோருக்குத் தகுதியே இல்லை.

ஊர் பணம் கொடுப்பதன் அர்த்தம் பள்ளியில் பிள்ளைகள் இல்லை என்பதுதான். உங்கள் பிள்ளையின் படிப்பு பற்றிய கேள்விக்கும் அதுவே பதில். தொடக்கப் பள்ளி இருந்தால் அதிர்ஷ்டம், அதற்கு மேல் விடுதி அல்லது தினசரி நெடும்பயணம்.

ஊர்க்காரங்க நம்மளை ஏத்துக்குவாங்களா?

சிரித்துப் பேசுவார்கள், அது முதல் நாளே நடக்கும். ஏற்றுக்கொள்வது வேறு. முதல் மழைக்காலமோ பனிக்காலமோ முடிந்தும் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். நீங்கள் என்ன வாங்கினீர்கள், யார் வந்து போனார்கள், எத்தனை மணிக்கு விளக்கணைத்தீர்கள் எல்லாம் தெரிந்திருக்கும். இரண்டு நாள் உங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்டுவதும் அதே கண்கள்தான். அந்தப் பாதி மட்டும் போதும், இந்தப் பாதி வேண்டாம் என்று பிரித்துக் கேட்க முடியாது.

சண்டை வந்தால் ஒதுங்க இடமில்லை. கடைக்காரரோடு மனஸ்தாபம் என்றால் வேறு கடைக்குப் போக முடியாது, முதல் பதில்தான். அதனால் இங்கே பேசாமலிருப்பவர்கள்கூட மண் விழுந்த சாலையில் ஒரே மண்வெட்டியை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். ‘எங்க ஊர்ல இப்படித்தான் செய்வோம்’ என்று தொடங்கும் வாக்கியத்தை முதல் இரண்டு வருஷம் சொல்லாதீர்கள். கணக்கோ, வயரிங்கோ, ஊசி போடுவதோ உங்களுக்குத் தெரிந்த ஒன்று தானாக வெளியே தெரியவரும். பிறகு ஒருநாள் ஊருக்கு அதற்கு ஒன்றே ஒன்றாக இருப்பவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் வந்து கூப்பிடுவார்கள்.

போர் அடிக்காதா?

அடிக்கும். குறிப்பாக ஆறு நாள் விடாமல் மேகம் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும்போது. ஏழாம் நாள் காலை விலகும். எதிர்ச்சரிவில் புதிதாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், நேற்றுவரை இல்லாத அருவி. அது எந்த ஓடையிலிருந்து வருகிறது என்று வாசலுக்கு வாசல் கத்திப் பேசி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிடும்.